யாரைத் திட்டுவது?

பொன்முடி ஏறும் வழியில், கல்லாற்றுத் தேநீர்க் கடையில் இன்னும் தீராத வழக்கு ஒன்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி ஆறு ஆட்டங்களிலும் தோற்று 12ஆவதாக, அதாவது கடைசியாக வந்ததற்கு யார் பொறுப்பு?

"கோச்தான்" என்பார் ஜீப் ஓட்டுநர்.

"எட்டுத் தங்கம் வாங்கின நெனப்புலயே இருக்கீங்க அண்ணே. கடைசித் தங்கம் 1980ல" என்பார் கடைக்காரர் மகன்.

கோச் மைக்கேல் நாப்ஸ் 2013இல் நீக்கப்பட்டார். அடுத்த ஐந்தாண்டுகளில் மேலும் ஐந்து பேர் அந்த நாற்காலியில் அமர்ந்து எழுந்தார்கள். லண்டனில் தோற்ற அணியில் ஸ்ரீஜேஷும் இருந்தார், திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் கோல் காக்கக் கற்றவர். அவரை யாரும் துரத்தவில்லை. டோக்கியோவிலும் (2021) பாரிசிலும் (2024) வெண்கலம் வந்தது.

பாரிசோடு ஓய்வுபெற்ற ஸ்ரீஜேஷ், ஜூனியர் அணிக்குக் கோச் ஆனார். செய்தி வந்த அன்று பையன் கேட்டான்: "நம்ம பசங்க தோத்தா இனி யாரைத் திட்டுவீங்க?"

ஓட்டுநர் ஆறிப்போன டீயை மறுபடி ஆற்றிக்கொண்டிருந்தார்.