புழுவெட்டும் மருந்து ஆய்வும்: ஒரு தந்தை கேட்ட மஸ்அலா



ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நீண்ட ஹதீஸ் ஒன்றை நம்மில் பலர் சிறுவயதிலேயே கேட்டிருப்போம். பனூ இஸ்ராயீல் சமுதாயத்தைச் சேர்ந்த தோல்நோயாளி, தலைமுடி இல்லாதவர், பார்வையற்றவர் ஆகிய மூவரைச் சோதிக்க அல்லாஹ் ஒரு வானவரை அனுப்பிய வரலாறு அது. பயான்களில் நாம் அதன் பிற்பகுதியைத்தான் விரித்துப் பேசுகிறோம்: நன்றி மறந்த இருவர், மறவாத ஒருவர். முற்பகுதியில் ஒரு சிறு செய்தி இருக்கிறது. உனக்கு மிக விருப்பமானது எது என்று வானவர் கேட்டபோது, முடி இல்லாதவர் அழகிய முடியைக் கேட்கிறார். மக்கள் தம்மை அருவருத்து ஒதுக்குவதையும் சேர்த்தே சொல்கிறார். வானவர் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தலையைத் தடவினார், முடி வந்தது, சினைப்பசு ஒன்றும் கிடைத்தது.

முடிக்காக வருந்துவது வீண்பெருமை என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுபவர்கள் இந்தப் பகுதியைச் சற்று நின்று வாசிப்பது நல்லது.

சென்ற ஆண்டு நாகலூரில் எங்கள் மக்தபுக்கு ஓத வரும் ஒரு பிள்ளையின் தந்தை, மஃரிபுக்குப் பின் என்னிடம் தனியே பேச விரும்பினார். காப்பித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். மகளுக்கு வயது பன்னிரண்டு. “ஹஜ்ரத், பிள்ளைக்குப் புழுவெட்டு. உச்சியில ரூபாய் அளவுல ஆரம்பிச்சு, இப்ப நாலஞ்சு இடத்துல முடியே இல்ல. பெரிய ஊருல புது மருந்து ஆராய்ச்சி நடக்குதாம். மருந்தும் இலவசம், போய்வர பணமும் தர்றாங்களாம்னு மச்சான் சொல்றாரு. சேர்க்கலாமா? மார்க்கத்துல கூடுமா?” என்றார்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பல வாரங்களாகப் போகவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார். அங்கே இரட்டைச் சடை, ரிப்பன். மக்தபில் எல்லாப் பெண்பிள்ளைகளும் முக்காடு இட்டிருப்பதால் அவள் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

உடனே பதில் சொல்லாமல் அவகாசம் கேட்டேன். ஃபிக்ஹு நூல்களைப் புரட்டுவதற்கு முன், மருந்து ஆய்வு என்றால் என்னவென்று எனக்கே தெளிவாக வேண்டியிருந்தது. சேலத்தில் மருத்துவராக இருக்கும் நண்பர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்.

நம் வீடுகளில் புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்ப்போம். சிலருக்கு முடி வந்துவிடும். அது வெங்காயத்தால் வந்ததா, தானாகவே வந்ததா? புழுவெட்டு என்பது புழு அரிப்பதால் வருவதன்று. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த மயிர்க்கால்களையே பகையெனக் கருதித் தாக்குவது. ஓரிரு வட்டங்கள் மட்டும் இருந்தால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முடி திரும்பிவிடுகிறது. ஆகவே யார் எதைத் தேய்த்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

இந்த வெங்காயத்தையே முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பக்தாதின் தோல்நோய் மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. 23 பேருக்கு வெங்காயச் சாறு, 15 பேருக்குக் குழாய்த் தண்ணீர். நாளுக்கு இருமுறை, இரண்டு மாதங்கள். ஆறு வாரங்களில் வெங்காயச் சாறு பூசியவர்களில் 20 பேருக்கு முடி முளைத்திருந்தது. தண்ணீர் பூசியவர்களில் இருவருக்கு மட்டுமே. பொருளாதாரத் தடையின் கீழ் வாடிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், நம் பாட்டிமார்களின் வைத்தியத்தை எடுத்து உரசிப் பார்த்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் நண்பர் சிரித்தார். ஆட்கள் மிகக் குறைவு. அதோடு, தன் தலையில் இருப்பது வெங்காயமா தண்ணீரா என்று மூக்கு உள்ள எவருக்கும் தெரிந்துவிடுமே என்றார். பெரிய ஆய்வுகளில் மருத்துவருக்கும் நோயாளிக்கும் எது மருந்து, எது வெற்று மாத்திரை என்று தெரியாதபடி வைப்பது இதனால்தான்.

வெற்று மாத்திரை கொடுப்பது ஏமாற்று ஆகாதா என்ற ஐயம் எனக்கு இருந்தது. உங்களுக்கு வெற்று மாத்திரையும் கிடைக்கலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிக் கையொப்பம் பெறுகிறார்கள். சொல்லி, இசைந்து நடப்பது கிஷ்ஷு ஆகாது. சொல்லாமல் நடந்தால் ஆகும்.

புழுவெட்டு கடுமையாக உள்ளவர்களுக்கான ரிட்லெசிடினிப் என்னும் மாத்திரைக்கு 2023 ஜூனில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதன் ஆய்வில் 18 நாடுகளைச் சேர்ந்த 718 பேர் பங்கேற்றார்கள்; எல்லோரும் தலைமுடியில் பாதியேனும் இழந்தவர்கள். ஒப்புதல் பெற்ற அளவை உட்கொண்டவர்களில் 24 வாரங்களில் தலையின் ஐந்தில் நான்கு பங்கிலேனும் முடி பெற்றவர்கள் நூற்றுக்கு 23 பேர். வெற்று மாத்திரையில் நூற்றுக்கு 2 பேர். பலன் உண்டு, எல்லோருக்கும் இல்லை. எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் மருந்து ஆகையால், கடுமையான தொற்று, புற்றுநோய், இரத்தக்கட்டு ஆகியவை பற்றிய எச்சரிக்கையும் அதன் மீது இருக்கிறது.

அந்த ஆய்வில் 12 வயதுப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மஸ்அலா இங்கேதான் கடினமாகிறது.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1992 மே மாதம் ஜித்தாவில் நடந்த தனது ஏழாவது அமர்வில் இதுபற்றித் தீர்மானம் இயற்றியிருக்கிறது. மருத்துவ ஆய்வுக்கு முழுத் தகுதியுள்ளவரின் சம்மதம் வேண்டும். கைதிகளைப் போன்றோர் மீது வற்புறுத்தலும், ஏழைகளைப் போன்றோருக்குப் பண ஆசை காட்டுதலும் கூடாது. தீங்கு விளையக் கூடாது. தகுதி நிறைவுபெறாதவர்கள் மீது, பொறுப்பாளர் சம்மதித்தாலும், ஆய்வு கூடாது. அதன் சாரம் இதுவே. இந்தத் தந்தை ஏழை, பிள்ளை சிறுமி. இரண்டு கதவுகளும் மூடியிருப்பதாகத் தோன்றியது.

ஆயினும் என் மனம் அங்கேயே நின்றுவிடவில்லை. பிள்ளைகள் மீது எந்த மருந்தும் ஆராயப்படவே கூடாது என்றால், பிள்ளைகளுக்கு வரும் நோய்க்கு ஆராயப்படாத மருந்தையே கொடுக்க நேரும். முதலில் பெரியவர்களிடம் சோதிக்கப்பட்டு, அந்தப் பிள்ளைக்கே நேரடி நன்மை எதிர்பார்க்கப்படும் ஆய்வை, பொறுப்பாளர் செய்விக்கும் சிகிச்சையோடு சேர்த்துப் பார்க்க இடமுண்டு என்பது என் கருத்து. இது ஃபத்வா அன்று. என் ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இருவரிடமிருந்து வந்த பதில்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன.

பண விஷயத்தில் எனக்குத் தயக்கமில்லை. பேருந்துக் கட்டணத்தையும் இழந்த கூலியையும் ஈடுசெய்வது வேறு. பணத்துக்காகவே பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது வேறு. அந்தத் தகப்பனிடம் நேராகவே கேட்டேன்: “தம்பி, அவங்க ஒரு பைசா தராட்டியும் சேர்ப்பீங்களா?” சற்று யோசித்து, “சேர்ப்பேன் ஹஜ்ரத், அவ பள்ளிக்கூடம் போகணும்” என்றார்.

அப்படியானால் தொலைபேசியில் என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இந்தியாவில் ஒவ்வொரு மருந்து ஆய்வும் மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்பது 2009 ஜூன் முதல் கட்டாயம். அந்தப் பதிவு எண்ணைக் கேட்கச் சொன்னேன். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா, சம்மதப் படிவம் தமிழில் கிடைக்குமா என்றும் கேட்கச் சொன்னேன். 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஆய்வினால் உடலுக்குக் கேடு நேர்ந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். ஆய்வில் சேரப் பதிவுக் கட்டணம் கேட்பவரிடம் பேச்சை வளர்க்காமல் தொலைபேசியை வைத்துவிடலாம். வழுக்கையைக் குணமாக்கும் என்று எந்த மருந்தின் பெயராலும் உரிமை கோரக் கூடாதென 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் தைலம் விற்பவர்கள் அதை அறியாதவர்கள் போல நடந்துகொள்கிறார்கள்.

பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளையின் இசைவை எழுத்திலும் பெற வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள். எனவே தாயையும் உடன் வைத்துக்கொண்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெற்று மாத்திரை பற்றிச் சொன்னபோதுதான் வாய் திறந்தாள்.

“அது கிடைச்சவங்களுக்குக் கடைசி வரைக்கும் நெஜ மருந்தே தர மாட்டாங்களா ஹஜ்ரத்?”

நான் படித்த அந்த ஆய்வில் 24 வாரங்களுக்குப் பின் அவர்களுக்கும் உண்மை மருந்து கொடுத்தார்கள் என்றேன்.

“அப்படின்னா சரி” என்றாள்.

தகப்பனார் தொலைபேசியில் விசாரித்தார். அந்த ஆய்வில் பதினெட்டு வயது நிறைந்தவர்களை மட்டுமே சேர்க்கிறார்கள் என்று பதில் வந்தது.

இப்போது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் சிகிச்சை நடக்கிறது. ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவளுக்குக் குமட்டுமாம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே போய்வருகிறாள். இரண்டு வட்டங்களில் முடி அரும்பியிருக்கிறது. அது வெள்ளையாக இருப்பதைக் கண்டு தாய் அழுதுவிட்டார். முதலில் வெள்ளையாக வருவது வழக்கம்தான், போகப் போகக் கறுக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.