எட்டின் நிழலில் வெள்ளைப் பந்து

வளைகுடாவில் நாங்கள் தங்கியிருந்த நிறுவனக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பழைய பூல் மேசை ஒன்று இருந்தது. இஷாவுக்குப் பிறகு அங்கே கூடுவோம். பணம் வைத்து ஆடுவதில்லை என்ற எங்கள் நிபந்தனையை மறுபேச்சின்றி ஏற்று எங்களுக்கு ஆட்டம் கற்றுத் தந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டு நண்பர் ஒருவர். அவரை எல்லோரும் 'குயா' என்றே அழைப்போம். அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள்.

கேரம் பலகையில் வளர்ந்த எங்களுக்குக் காயைக் குழியில் வீழ்த்துவதே ஆட்டம். வீழ்த்த முயலாமல், எதிராளி அடிக்க வழியில்லாதபடி பந்துகளை நிறுத்திவிட்டு விலகும் 'சேஃப்டி' என்ற அடியை முதலில் கண்டபோது முகம் சுளித்தோம். "இது ஏமாற்று வேலை அல்லவா?" என்று எங்களில் இளையவன் கேட்டே விட்டான். குயா சிரித்தார். மேசைமேல் உள்ள அனைத்தும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றன, எதை மறைத்தேன் என்று கேட்டார். எட்டுப் பந்து ஆட்டத்திலோ 'சேஃப்டி' என்று முன்கூட்டியே வாய்விட்டு அறிவிக்க இடமுண்டு. அப்படி அறிவித்தபின் தன் பந்து குழியில் விழுந்தாலும் முறை எதிராளிக்கே போய்விடும். நிய்யத்தை உரக்கச் சொல்லிவிட்டு ஆடுகிற அடியை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது?

நாங்கள் பெரும்பாலும் ஆடியது ஒன்பது பந்து ஆட்டம். மேசையிலுள்ள மிகக் குறைந்த எண் பந்தையே வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். தொட்டபின் ஏதேனும் ஒரு பந்து குழியில் விழ வேண்டும், அல்லது குஷனைத் தொட வேண்டும். தவறினால் ஃபவுல், எதிராளி வெள்ளைப் பந்தைக் கையிலெடுத்து விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். ஆகவே சேஃப்டி ஆடுபவனும் இவ்விதிக்குள் நின்றே ஒளிக்க வேண்டும்.

எப்போது ஒளிப்பது? 'இந்தப் பந்தை வீழ்த்த முடியுமா?' என்று கேட்டால் உள்ளம் எப்போதும் 'முடியும்' என்றே சொல்லும். பத்து முறை அடித்தால் எத்தனை முறை விழும், விழாத முறைகளில் எதிராளிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கச் சொல்வார் குயா. இன்னொன்றும் சொல்வார்: இரண்டு பந்துகளையும் ஆள முயலாதே. வெள்ளைப் பந்தைத் தடுப்புப் பந்தின் அருகே, விரலிடைத் தூரத்தில் நிறுத்திவிட்டால் நிழல் அகன்று விழும். குறிப்பந்து அந்நிழலுக்குள் எங்கு நின்றாலும் சரிதான். தள்ளி நின்றால் நிழல் குறுகிவிடும்.

ஒளித்தாலும் முடிந்துவிடுவதில்லை. 1995இல் அமெரிக்காவின் ரெனோ நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் எர்ல் ஸ்ட்ரிக்லண்ட் மறைத்து வைத்த 5ஆம் எண் பந்தை, எஃப்ரன் ரெயெஸ் இரண்டு குஷன்களில் மோதவிட்டு வந்து வீழ்த்தினார். இதைச் சொல்லும்போது குயாவின் குரலே மாறிவிடும். ரெயெஸ் அவருடைய நாட்டுக்காரர் ஆயிற்றே!

பக்கத்துக் குடியிருப்பு அணியோடு ஆடிய கடைசிச் சுற்றில் 7, 8, 9 மட்டும் எஞ்சின. முறை எங்கள் இளையவனுடையது. ஏழுக்கு நேர்வழி இல்லை; குஷனில் மோதித் திரும்பித்தான் மூலைக் குழியில் விழ வேண்டும். தவறினால் மூன்றும் எதிராளிக்கு எளிது. "அடி, அடி!" என்று எங்கள் பக்கமே கூச்சலிட்டது. அவன் நெடுநேரம் நின்றான். பிறகு ஏழை மெல்லத் தள்ளிவிட்டு, வெள்ளைப் பந்தை எட்டின் அருகிலேயே நிறுத்தினான். நிழல் அகலமாகத்தான் விழுந்தது. ஆனால் எதிராளி ஒரு குஷனில் மோதவிட்டு ஏழைத் தொட்டுவிட்டார். தொடப்பட்ட ஏழு உருண்டு உருண்டு நடுக் குழியிலேயே விழுந்தது. ஒன்பது பந்து ஆட்டத்தில் அதுவும் கணக்குத்தான். எட்டையும் ஒன்பதையும் அவரே முடித்தார்.

அன்றிரவு அவனிடம் யாரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. பயந்து ஒதுங்கினான் என்று இருவர் வெளிப்படையாகவே சொன்னார்கள். குயா ஒன்றும் பேசாமல் மூன்று பந்துகளையும் அதே இடங்களில் வைத்தார். கூச்சலிட்டவர்களைக் கூப்பிட்டு, ஆளுக்குப் பத்து முறை அந்த அடியை அடிக்கச் சொன்னார். ஒருவருக்கு இரண்டு விழுந்தன. ஒருவருக்கு ஒன்று. எங்களில் சிறந்தவருக்கு மூன்று. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர்தான் முதலில் அவன் பக்கம் போய் அமர்ந்தார்.