ஆணி முடிச்சும் மூன்றாவது கையும்



பிள்ளைகளுக்குத் துணைக்கருவி தரலாமா, தந்தால் அதையே நம்பி நின்றுவிடுவார்களா என்னும் வினா பெற்றோர் சந்திப்புகளில் தவறாமல் எழுகின்றது. இதைப் பற்றி எனக்குக் கற்பித்த பொருள் சற்று விந்தையானது. தூண்டிற்காரர்கள் முடிச்சுப் போடப் பயன்படுத்தும், விரல் நீளமே உள்ள ஓர் உலோகக் கருவி அது.

என் தந்தையார் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய பொழுதுபோக்கு பூச்சித் தூண்டில். இறகும் நூலும் கொண்டு, பூச்சியைப் போலவோ சிறுமீனைப் போலவோ கட்டப்பட்ட முள்ளை வீசி மீன் பிடிக்கும் முறை அது. சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே மீன் பிடிக்கலாம். அங்கும் செயற்கை இரையைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆகவே இம்முறை இங்கே நன்கு பொருந்துகின்றது. லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் கரையில், தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பீகாக் பாஸ் மீனுக்காக அவர் பொறுமையுடன் காத்து நிற்பார்.

இம்முறையில் முள்ளுக்கு எடை இல்லை. வீசுவதற்கு வேண்டிய எடை கயிற்றிலேயே இருக்கின்றது. ஆதலால் கயிறு தடிமனாகவும், மேலே வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சுடனும் இருக்கும். அதன் நுனியில் ஏறத்தாழ 9 அடி நீளமுள்ள, வரவர மெலியும் நைலான் இழை ஒன்றை இணைப்பார்கள். அதற்கு லீடர் என்று பெயர். தமிழ் மீனவர்கள் நைலான் இழையைத் தங்கூசி என்பர். மலாய்க்காரர்கள் தங்சி என்பர். இரு சொற்களின் ஒலி ஒற்றுமை என்னை எப்போதும் மகிழ்விப்பதுண்டு.

தடித்த கயிற்றையும் மெல்லிய இழையையும் சாதாரண முடிச்சால் இணைத்தால் அது வழுக்கிவிடும். அல்லது முண்டாக நின்று தூண்டிற்கோலின் வளையங்களில் சிக்கும். முடிச்சு அவிழ்ந்தால் முள்ளும் இழையும் மீனின் வாயோடு போய்விடும். நீரில் கிடக்கும் இழை பறவைகளின் காலையும் சுற்றிக்கொள்ளும். இதைத் தவிர்க்க உதவுவது ஆணி முடிச்சு. கயிற்றின் பக்கத்தில் ஓர் ஆணியை வைத்து, இரண்டையும் சேர்த்து லீடரால் ஐந்தாறு முறை சுற்றி, ஆணி தந்த இடைவெளியில் லீடரின் முனையைச் செலுத்தி இறுக்க வேண்டும். சுற்றுகள் பூச்சில் பதிந்து கயிற்றைக் கவ்விக்கொள்ளும்.

சொல்வது எளிது. கயிறு, ஆணி, சுற்றுகள் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பிடிக்க இரண்டு கைகள் போதா. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் பூக்கடைகளில் பூத்தொடுக்கும் விரல்களின் விரைவைக் கண்டு வியந்திருப்பீர்கள். ஊரில் என் பாட்டியார் நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு தொடுப்பார். முடிச்சு என்றாலே மூன்றாவது கை ஒன்று தேவைப்படுகின்றது போலும்.

எழுபது வயதைக் கடந்தபின் தந்தையாரின் விரல்கள் நடுங்கத் தொடங்கின. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பிறரிடம் கட்டித் தரச் சொல்லக் கூச்சப்பட்டு, மீன் பிடிக்கப் போவதையே நிறுத்திவிட்டார். நான் அந்தக் கருவியை வாங்கித் தந்தபோது, "இவ்வளவு காலம் கையால் கட்டியவன், இனி இதைப் பிடித்துக்கொண்டு நிற்கவா?" என்று மேசையில் வைத்துவிட்டார். சில வாரங்கள் அது அங்கேயே கிடந்தது.

கருவியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு. லீடரைக் கட்டைவிரலால் அதன்மேல் அழுத்திப் பிடித்து, பள்ளத்தின் மேலாகச் சுற்ற வேண்டும். லீடரின் முனையைச் சுற்றுகளுக்கு அடியில் பள்ளத்தின் வழியே நுழைத்து, கயிற்றின் நுனியை எதிர்ப்புறமிருந்து நுழைக்க வேண்டும். பின்பு கருவியை மெல்ல உருவிவிட்டு, இழையை நனைத்து, லீடரின் இரு முனைகளையும் இழுத்து இறுக்க வேண்டும். நனைப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1938இல் நைலான் அறிமுகமாகும் முன்னர், பட்டுப்புழுவின் உடலிலிருந்து எடுத்த இழையே லீடராக இருந்தது. காய்ந்தால் ஒடியும் என்பதால் அதை நீரில் ஊறவைத்தார்கள். நைலானை நனைப்பதோ, உராய்வின் சூட்டில் அது வலுவிழக்காதிருப்பதற்காக.

ஒரு மாலையில் தந்தையார் தாமாகவே அக்கருவியை எடுத்து மூன்று முடிச்சுகள் போட்டார். "சுற்றுவது நான்தானே, பிடிப்பது மட்டும்தான் இது" என்றார். அடுத்த சனிக்கிழமை நீர்த்தேக்கத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

அவ்வாண்டு என் தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வீட்டில் ஆங்கிலமே பேசுபவன். உயிர்மெய் எழுத்து அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வாசிப்பான். இல்லையேல் வாய் திறக்கமாட்டான். "டீச்சர், தேர்வில் அட்டை தரமாட்டார்களே, இப்போதே எடுத்துவிடுங்கள்" என்றார் அவன் தாயார். அவருடைய அச்சம் நியாயமானதே. ஆனால் அன்றே எடுத்திருந்தால் அவன் வாசிப்பையே விட்டிருப்பான், என் தந்தையார் நீர்த்தேக்கத்தை விட்டதைப் போல.

கற்பித்தலில் இத்தகைய துணையைச் சாரம் என்கின்றோம். 1976இல் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரையால் பரவிய கருத்து இது. கட்டடம் எழும்பும்வரை சாரம் நிற்கும். எழும்பியபின் அவிழ்ப்பார்கள், அதுவும் தளம் தளமாக. அவ்வாறே அட்டையில் அவன் நன்கறிந்த வரிசைகளை வாரம் ஒன்றாகத் தாள் ஒட்டி மறைத்தோம். எதை மறைப்பது என்பதை அவனே தேர்ந்தெடுத்தான். ஆண்டிறுதியில் ல, ள, ழ வரிசைகள் மட்டுமே திறந்திருந்தன.

தந்தையாரின் கருவியை அப்படி மறைக்க வேண்டியதில்லை. அது ஊன்றுகோல். அவருடைய நோக்கம் மீன் பிடிப்பது. முடிச்சு அதற்கு வழி. மாணவனுக்கோ எழுத்தை அறிவதே நோக்கம். ஆகவே பெற்றோர்களே, துணைக்கருவி ஒன்றை எடுக்கும் முன், அது சாரமா ஊன்றுகோலா என்று பாருங்கள். சாரமாயின் பிள்ளையோடு சேர்ந்து சிறிது சிறிதாக அவிழ்ப்போம். ஊன்றுகோலாயின் கூச்சமின்றிப் பிடித்து நடக்கச் சொல்வோம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை