ஒரே கரைசல், இரண்டு தூள்

அன்புள்ள கயல்,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. நிக்கல்–கோபால்ட் கரைசல் ஒன்றுதான், மின்னோட்டமும் ஒன்றுதான். ஆனாலும் முதலில் எடுத்த தூள் நுண்ணியதாகவும் கடைசியில் எடுத்தது கரடுமுரடாகவும் இருக்கிறதே, கரைசல் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். கரைசலைக் கொட்டிவிடாதே. மின்னோட்டத்தை எப்படிக் கொடுத்தாய் என்பதை முதலில் பார்.

நீ மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கிறாய். தொடங்கும்போது எதிர்மின்வாய் வழவழப்பான தகடு. உலோக அயனிகள் தகட்டை ஒட்டிய பரவல் அடுக்கைக் கடந்து வந்து சேரும் வேகத்தைவிட உன் மின்னோட்டம் அதிகம் கேட்கிறது. சற்றே துருத்திய முனைக்குத்தான் அயனிகள் முதலில் கிடைக்கும். அது இன்னும் நீளும், கிளை விடும், உதிரும். அதுதான் தூள். ஆனால் தூள் சேரச் சேரப் பரப்பளவு பல மடங்காகிவிடுகிறது. அதே ஆம்பியர் அத்தனை முனைகளுக்கும் பங்கு போகிறது. மீட்டரில் எண் மாறவில்லை, முனையில் மாறிவிட்டது. அங்கே மின்னோட்ட அடர்த்தி எல்லை அளவுக்குக் கீழே இறங்கியதும் படிவு கெட்டியாக வளரத் தொடங்கும். செப்புத் தூள் தயாரிப்பவர்கள் இடையிடையே எதிர்மின்வாயைத் துடைத்து எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மின்னழுத்தத்தை மாறாமல் வைத்தால், பரப்பு கூடும்போது மின்னோட்டமும் கூடவே ஏறும். முனையின் நிலை அவ்வளவாகக் குலையாது.

பெல்கிரேடில் போப்போவ், நிகோலிச் குழுவினர் செம்பில் செய்த வேலையை அவசியம் படி. லிட்டருக்கு 0.15 மோல் செப்பு சல்பேட், 0.5 மோல் கந்தக அமிலம். மிகை மின்னழுத்தம் 650 மில்லிவோல்ட்டில் பெரணி இலை மாதிரி கிளைத்த படிகங்கள். 1000-க்கு ஏற்றினால் கிளை இன்னும் நீளும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி நடக்கவில்லை. தேனடை போன்ற குழிகள் வந்தன. குழிச் சுவர்களில் காலிஃபிளவர் வடிவத்தில் நுண்மணித் திரள்கள். ஹைட்ரஜன் குமிழிகள் வேகமாகக் கிளம்பிக் கரைசலைக் கலக்கிவிடுகின்றன, பரவல் அடுக்கு மெலிகிறது, அயனிகள் தாராளமாக வருகின்றன. கருவியில் 1000 என்று இருந்தாலும் உலோகம் குறைந்த மிகை மின்னழுத்தத்தில் வளர்வது போலத்தான் வளர்கிறது. இந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனது.

மின்னோட்டத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் துடிப்பு முறையையும் முயன்று பார். மின்னோட்டம் நிற்கும் இடைவெளியில் தீர்ந்துபோன அயனிகள் மீண்டும் நிரம்பும், கூர்மையான முனைகள் கொஞ்சம் கரையும். கிளைகள் குறையும். திசையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் இன்னும் திரண்ட, அடர்த்தியான துகள்கள் கிடைக்கும். எது நல்லது என்பது பயனைப் பொறுத்தது: அச்சில் சீராக ஓடிவிழ வேண்டுமானால் திரண்ட துகள், அழுத்தியதும் ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்க வேண்டுமானால் கிளைத்த துகள்.

கலப்புலோகத்தில் வடிவம் மாறும்போது பெரும்பாலும் கலவையும் சேர்ந்தே மாறும். நிக்கலின் நியம மின்னழுத்தம் சுமார் −0.25 வோல்ட், கோபால்ட்டுக்கு −0.28. கணக்குப்படி படிவதில் நிக்கல்தான் முந்த வேண்டும், ஆனால் முந்துவது கோபால்ட். ஆப்னர் பிரென்னர் 1963-இல் வெளியிட்ட பெரிய நூலில் இதை 'முரண் படிவு' என்றே வகைப்படுத்தினார். மின்னோட்ட அடர்த்தி மிக உயர்ந்தால் இரண்டு உலோகமும் பரவலுக்குக் கட்டுப்பட்டுவிடும், தூளின் விகிதம் கரைசலின் விகிதத்தை நெருங்கும். குறைந்தால் கோபால்ட்டின் பங்கு ஏறும். அது ஏறும்போது எக்ஸ்-கதிர் (எக்ஸ்ஆர்டி) வரைபடத்தில் நிக்கலின் கனசதுரக் கோடுகளுக்குப் பக்கத்தில் கோபால்ட்டின் அறுகோணக் கோடுகளும் தலைகாட்டும்.

உன் இரண்டாவது எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் 'அசுத்தம்' என்று வட்டம் போட்டிருக்கிறாயே, அவை அந்த அறுகோணக் கோடுகள் என்றுதான் எனக்குப் படுகிறது. கடைசித் தூள் குறைந்த அடர்த்தியில் விழுந்தது என்ற கணக்கோடும் அது ஒத்துப்போகிறது. இரண்டு தூளிலும் கோபால்ட் எவ்வளவு என்று அளந்துவிட்டால் தெரிந்துவிடும். ஹைட்ரஜன் கிளம்பும் இடத்தில் பிஎச் ஏறி ஹைட்ராக்சைடும் கலந்திருக்கலாம். அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்.

அடுத்த முறை பாதியில் நிறுத்தித் துடைத்து, இரண்டு பங்கையும் தனித்தனியாகக் கழுவி, ஆல்கஹாலில் அலசி உடனே உலர்த்து. ஈரத்தோடு விட்டால் ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். குறிப்பேட்டில் ஆம்பியரோடு நிறுத்தாதே. எந்த முறை, எவ்வளவு நேரம், எப்போது துடைத்தாய், கலக்கினாயா என்பதையும் எழுது. படங்கள் வந்ததும் அனுப்பு, பேசுவோம்.

அன்புடன்,
அக்கா