டிரைவர் அண்ணன் தூங்கினாரா?



கேரவன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் ஏசி வண்டிதான். வெளிநாட்டில் அப்படி இல்லை. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியைக் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். "நம்ம ஊர்ல அதெல்லாம் எங்க சார் இருக்கு?" என்று கேட்பீர்கள்.

இருக்கு. நாம அதை வேன் என்று சொல்கிறோம்.

பதினெட்டு சீட் வேன். உள்ளே இருபத்தைந்து பேர். நடைபாதையில் பிளாஸ்டிக் ஸ்டூல், சீட்டுக்கு அடியில் புளிசாதக் குண்டான், தண்ணி கேன், மேலே கேரியரில் பாய், பை, மூட்டை. சில வண்டிகளில் அடுப்பும் சிலிண்டரும்கூட வரும். மேல்மலையனூர் அமாவாசை, திருவண்ணாமலை பௌர்ணமி, வேளாங்கண்ணி, சபரிமலை என்று ராத்திரி முழுக்க ஓடி, விடியும்போது ஊர் போய்ச் சேரும் வண்டி. மூன்று நாளில் ஒன்பது கோயில் என்று நோட்டீஸ் அடித்து ஆள் சேர்ப்பதும் உண்டு.

இந்த வண்டியில் எல்லாரும் தூங்கலாம், ஒருத்தரைத் தவிர. இன்றைய பதிவு அந்த ஒருத்தரைப் பற்றியது.

நான் மருத்துவம் பார்ப்பது பெருமுக்கல் பக்கம். திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகும் சாலையில் வருபவர்களுக்கு அந்த மலை நன்றாகத் தெரியும். ஜிஎஸ்டி ரோட்டையும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் இணைக்கும் வழி இது. மரக்காணம் உப்பளத்து லாரி, டிராக்டர், டவுன் பஸ், டூ வீலர், ஆடு மாடு, எல்லாமே இதே ரோட்டில்தான். நாலு வழிச்சாலையில் நூறில் வந்து பழகிய கால், இங்கே திரும்பிய பிறகும் உடனே குறையாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வேன் டிரைவர் நெற்றியில் வெட்டுக் காயத்தோடு வந்தார். அமாவாசை முடித்துத் திரும்பும் வழியில், விடியற்காலையில், ஓரமாக நின்ற லாரியின் பின்பக்கத்தில் உரசியிருக்கிறார். நல்லவேளை, பெரிய சேதம் இல்லை. தையல் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"கடைசியா எப்போ தூங்கினீங்க?"

"நேத்து மத்தியானம் வண்டியிலயே ஒரு மணி நேரம் படுத்தேன் டாக்டர்."

"அதுக்கு முன்னாடி?"

யோசித்தார். பதில் வரவில்லை. முந்தின நாள் கல்யாண டிரிப், அதற்கு முந்தின நாள் ஏர்போர்ட் டிரிப். கூட வந்த பெரியவர் குறுக்கே சொன்னார். "நல்லாத்தான் சார் ஓட்டிட்டு வந்தாரு. நாங்களும் வழியெல்லாம் டீ வாங்கிக் குடுத்துக்கிட்டேதான் வந்தோம்."

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம்மில் பெரும்பாலானோர் நினைப்பது அதுதான். டிரைவருக்கு டீ கொடுத்தால் போதும், பாட்டுப் போட்டால் போதும், பக்கத்தில் ஒருத்தர் பேசிக்கொண்டே வந்தால் போதும். போதாது சொந்தங்களே. ஏன் என்று பார்ப்போம்.

பதினேழு, பதினெட்டு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சட்டத்தில் டிரைவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 30 மில்லிகிராம்தான். அதாவது, காலை ஆறு மணிக்கு எழுந்து நாள் முழுக்க வண்டி ஓட்டி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஸ்டியரிங் பிடிப்பவர், ஒரு சொட்டு குடிக்காமலே குடித்தவர் மாதிரிதான் ஓட்டுகிறார். குடித்த டிரைவரோடு நம் பிள்ளைகளை அனுப்புவோமா? தூங்காத டிரைவரோடு மட்டும் சந்தோஷமாக அனுப்புகிறோம்.

இன்னொன்று, நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதில் தூக்கம் அழுத்தமாக இறங்கும் நேரம் இரண்டு. அதிகாலை இரண்டில் இருந்து ஆறு வரை ஒன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டில் இருந்து நாலு வரை இன்னொன்று. தூக்கக் கடன் உள்ளவருக்கு அந்த நேரத்தில் மூளை இரண்டு மூன்று வினாடி தானாக அணைந்து எரியும். மைக்ரோ ஸ்லீப் என்று பெயர். கண் திறந்தேகூட இருக்கலாம். தான் தூங்கினோம் என்பதே அவருக்குத் தெரியாது. மணிக்கு 80 கி.மீ வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகும். மூன்று வினாடியில் 66 மீட்டர், இருநூறு அடிக்கு மேல். அவ்வளவு தூரமும் வண்டியை யாருமே ஓட்டவில்லை. தூங்கி நடந்த விபத்துகளில் ரோட்டில் பிரேக் போட்ட தடம் இல்லாமல் போவது இதனால்தான்.

இப்போது நம் பகுதிக்கு வருவோம். உப்பள வேலை வெயில் ஏறுவதற்கு முன்பு நடக்க வேண்டிய வேலை. நன்றாக விடிவதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும். ரோட்டோரம் நடந்தோ சைக்கிளிலோ போகிறார்கள், அதில் நிறையப் பேர் பெண்கள். நடைபாதை கிடையாது, பல இடங்களில் விளக்கும் கிடையாது. மேல்மலையனூரில் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டுக் கிளம்பும் வேன் இந்தச் சாலைக்கு வந்து சேர்வதும் கிட்டத்தட்ட அதே நேரம். டிரைவரின் மூளை அணைந்து எரியும் நேரமும் அதுவே. வண்டிக்குள் இருக்கும் இருபத்தைந்து பேரோடு, வெளியே நடந்து போகும் அந்த அக்காவின் உயிரும் டிரைவரின் தூக்கத்தில்தான் இருக்கிறது. அந்த அக்கா வேனுக்குக் காசு கொடுத்தவரும் இல்லை.

"திண்டிவனம் தாண்டியாச்சு, இன்னும் அரை மணி நேரந்தான், ஓட்டிடலாம்ணே." வேனில் சொல்லப்படும் வார்த்தைகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். வீடு நெருங்கிவிட்டது என்ற நினைப்பு வந்ததும் அதுவரை பிடித்து வைத்திருந்த கவனம் தளர்ந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்?

வண்டி பேசும்போது செய்ய வேண்டியது

வாடகை, பேட்டா, டோல் எல்லாம் கறாராகப் பேசுகிறோம். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள். "முந்தின நாள் ராத்திரி டிரைவர் வீட்டுல படுப்பாரா?" வேறு டிரிப் முடித்துவிட்டு நேராக வருகிறார் என்றால் வேறு டிரைவர் கேளுங்கள். ராத்திரி முழுக்க ஓட்டம் என்றால் இரண்டு டிரைவர். அதற்கு வசதி இல்லை என்றால் ஒன்பது கோயிலை ஐந்தாக்குங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

கோயிலில் இறங்கியதும் நாம் தரிசனத்துக்குப் போகிறோம். டிரைவர் பார்க்கிங் தேடி, வண்டியைத் துடைத்து, செருப்பையும் பைகளையும் காவல் காக்கிறார். அந்த நேரம் அவர் தூங்க வேண்டிய நேரம். லாட்ஜில் அவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துப் போடுங்கள். சபரிமலை மாதிரி நீண்ட பயணம் என்றால் ஒரு முழு இரவு எல்லாரும் படுத்து எழுந்த பிறகுதான் கிளம்பணும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் இடையில் அரை மணி நேர ஓய்வு என்று வகுத்தது. ஐரோப்பாவில் லாரி, பஸ் டிரைவர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும். அதைக் கண்காணிக்க வண்டியிலேயே கருவி இருக்கும்.

டிரைவர் தம்பிகளுக்கு, அண்ணன்களுக்கு

கண் எரிகிறது, கொட்டாவி நிற்கவில்லை, கடந்து வந்த ஊர் ஞாபகம் இல்லை, வண்டி கோட்டைத் தொட்டுத் தொட்டு வருகிறது. இதில் எது வந்தாலும் நிறுத்துங்கள். முகம் கழுவுவது, ஜன்னலைத் திறப்பது, பாக்கு போடுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். பங்க் மாதிரி வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, அலாரம் வைத்து இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் எழும்போது இரண்டும் சேர்ந்து கை கொடுக்கும். எழுந்ததும் பத்து நிமிடம் நடந்துவிட்டு ஸ்டியரிங் பிடியுங்கள். ஆனால் இது தற்காலிகம்தான். ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது.

சளி, அலர்ஜி, வாந்தி மாத்திரைகளில் பல தூக்கம் வரவைப்பவை. எந்த டாக்டரிடம் போனாலும், எந்த மெடிக்கலில் நின்றாலும் "நான் டிரைவர்" என்று முதலில் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ஓட்டக்கூடாது. சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், கண் மங்கும். சத்தமாகக் குறட்டை விட்டு, எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் தூங்கி வழிபவர்கள் மருத்துவரைப் பாருங்கள். அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். சிகிச்சை இருக்கிறது.

ரோட்டில் பெரிய வண்டிக்கு உள்ள மரியாதை

1. எதிரே வண்டி வந்தால் டிம் செய்யுங்கள். முன்னால் டூ வீலர் போனாலும் டிம்தான். கண் கூசிய பிறகு பார்வை திரும்பச் சில வினாடி ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடும்.

2. லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் "முந்திப் போ" என்கிறாரா, "நான் வலது பக்கம் திரும்புறேன்" என்கிறாரா? ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுகிறது. இண்டிகேட்டர் திரும்புவதற்கு மட்டும். நாலும் சேர்ந்து எரிவது வண்டி நின்றுபோனால் மட்டும். "நேரா போறேன்" என்று சொல்ல அதைப் போடாதீர்கள்.

3. முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு, ஆயிரத்தி மூணு என்று எண்ணுங்கள். அதற்கு முன் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் ரொம்ப ஒட்டிப் போகிறீர்கள். மழையில் இதை இரட்டிப்பாக்குங்கள்.

4. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும் வண்டிக்குப் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்து, அவை முந்த வழி இல்லை என்றால், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நமக்குச் சட்டம் தேவையில்லை, மனசு போதும்.

5. நடந்து போகிறவர்களுக்குப் பின்னால் வந்து ஏர் ஹாரன் அடிக்காதீர்கள். பதறி ரோட்டுக்குள்ளேயே காலை வைத்துவிடுவார்கள். வேகத்தைக் குறைத்து, இடம்விட்டுக் கடந்து போங்கள்.

6. சாப்பிட நிறுத்தினால் தார் ரோட்டை விட்டு முழுசாக இறக்கி நிறுத்துங்கள். இலையையும் சோற்றையும் ஓரத்தில் கொட்டாதீர்கள். அதைத் தேடி நாய் வரும், மாடு வரும். ராத்திரி அதில் மோதி விழுவது ஏதோ ஒரு டூ வீலர் பையன்.

7. சைரன் கேட்டால் இடது பக்கம் ஒதுங்குங்கள். வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. அதைவிட, உள்ளே இருப்பது யாரோ ஒருத்தருடைய அப்பா.

வண்டிக்குள் அடுப்பும் தூக்கமும்

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் டீ போட முயன்றதுதான் காரணம் என்றது ரயில்வே. வேனுக்குள் சிலிண்டர் வேண்டாம்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியில் தூங்காதீர்கள். டிரைவர் அண்ணனையும் அப்படித் தூங்க விடாதீர்கள்.

விபத்தைப் பார்த்தால்

108க்கு அழையுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள். உதவினால் போலீஸ் கேஸ் என்ற பயம் வேண்டாம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டாம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி.

அடுத்த அமாவாசைக்கோ, சபரிமலைக்கோ உங்கள் தெருவில் வேன் பேசுவார்கள். நோட்டில் பேர் எழுதி, காசு வசூல் செய்து, யார் ஜன்னல் சீட் என்று சண்டை போடுவார்கள். அந்த நோட்டிலேயே ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். டிரைவர் படுக்க ரூம், இவ்வளவு ரூபாய். இருபத்தைந்து பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு ஒரு டீ, வடை காசுதான் வரும்.

இதை உங்கள் கோயில் குழு, உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள். உங்களுக்குத் தெரிந்த டிரைவர் அண்ணன் ஒருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.