பச்சைச் சொற்களும் பதிவு எண்ணும்

சித்தூர்க் கடைவீதியில் வெல்லம் வாங்கச் செல்லும் நம்மவர் இப்போது இருவகை விலையைக் காண்கின்றனர். ஒன்று நமக்குப் பழகிய விலை. மற்றொன்று ‘இயற்கை’ என்னும் சொல்லை உறைமீது தாங்கிய வெல்லத்தின் விலை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நாம் அம்மிகுதிப் பணத்தை மனமுவந்து கொடுப்பது, குழந்தைகளின் உடல்நலத்தை எண்ணியும், கரும்பு விளைத்தவனுக்கும் ஏதேனும் போய்ச் சேரட்டும் என்றுமே. அப்பணம் சொல்லை அச்சிட்டவனோடு நின்றுவிடுமாயின் இரண்டும் பாழ்.

நிறத்தைக் கண்டு மயங்குவது பழைய வழக்கம். பொன்போல் பளிச்சிடும் வெல்லம் தூயதென்று கருதுவர். பாகு காய்ச்சும்போது ‘ஹைட்ரோஸ்’ என்னும் இரசாயனப் பொடியைத் தூவியும் அந்நிறம் வரவழைக்கப்படுகிறது. இதனை அறிந்தோர் கருநிற வெல்லத்தைத் தேடுகின்றனர். கருமை மட்டும், பூச்சிமருந்து படாத கரும்புக்குச் சாட்சியாகுமோ?

பார்சல் ஆபீசில் மூட்டையின்மேல் எவ்வளவு அழகாக எழுதியிருப்பினும், ரசீதின் எண்ணோடு அதன் எண் ஒத்தாலன்றி நாம் சரக்கை ஒப்படைப்பதில்லை. கடையிலும் அவ்வழக்கம் நன்று. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, ‘ஆர்கானிக்’ என்று விற்கும் உணவுக்குச் சான்று வேண்டும். அவ்விதிகளின்கீழ் அதற்கென வகுக்கப்பட்டது ‘ஜைவிக் பாரத்’ முத்திரை. உணவு உரிம எண் மட்டும் இருப்பது இதற்கு ஈடாகாது. அவ்வெண் சாதாரண மிட்டாய்ப் பொட்டலத்திலும் உண்டு. தம் விளைவை நேரே நம்மிடம் விற்கும் சிறு உழவர்க்கோ சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆதலின் முத்திரையில்லாத உழவரைப் பொய்யர் என்று தள்ளலாகாது. எந்த ஊர், என்ன எரு இட்டீர் என்று கேட்கத் தெலுங்கில் நாலு வார்த்தை தெரிந்தாற் போதும். ஊரும் கூறாது, முத்திரையும் இன்றி, பளபளக்கும் உறையில் வருவதே ஐயத்துக்குரியது.

திருப்பதியிலும் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில், லட்டுப் பிரசாதத்துக்கென மக்காச்சோள மாவுச்சத்தாலான பைகளைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் திருமலையில் அறிமுகப்படுத்தினர். கீழே கடைகளிலும் ‘மட்கும் பை’ என்ற அச்சைக் காண்கின்றோம். எங்கே, எத்தனை நாளில் மட்கும்? உரக்கிடங்கின் வெப்பத்தில் மட்குவது சாக்கடையில் நெடுநாள் கிடக்கலாம். அத்தகைய பைக்கு உற்பத்தியாளர் பெயரும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண்ணும் காட்டப்பெறுதல் வேண்டும்.

‘பசுமை’, ‘இயற்கை’ போன்ற சொற்களை ஆதாரமின்றி விளம்பரத்தில் வழங்கலாகாதென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 15-10-2024 அன்று நெறிமுறை வகுத்துள்ளது. முறையிட விரும்புவோர் 1915 என்னும் எண்ணில் பேசலாம். அதுவரை உறையையும் ரசீதையும் எறியாது வைத்திருத்தல் நலம்.