மேசையில் ஒரு கடற்சமர்

26 கப்பல், எல்லாம் பிஸ்கட் பெட்டி மட்டையில வெட்டினது. ஒரு அடிமட்டம், ரெண்டு டைஸ், நாலு கூட்டாளிமார். 1782 செப்டெம்பர் 3ஆம் திகதி திருகோணமலைக்கு வெளியே நடந்த சமரைத்தான் விளையாடுறம். சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல் 14, ஹியூஸின் ஆங்கிலக் கப்பல் 12.

முதல் விதி காற்று. தென்மேற்கிலிருந்து அடிக்கும், அதுக்கு நேரெதிரா ஒரு கப்பலும் போகேலாது. மூதூர்ல இதை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஹியூஸ் காற்றோட விலகி விலகிப் போக, துரத்தின பிரெஞ்சு வரிசை குலைஞ்சு, சுஃப்ரனின் கப்பல் நடுவில மாட்டுப்பட்டது. மேசையிலயும் அவசரப்படுறவருக்கு அதே கதிதான்.

அந்த ஒரே வருசத்தில கோட்டை ரெண்டு தரம் கைமாறினது. ஜனவரியில் ஒல்லாந்தரிட்ட இருந்து ஆங்கிலேயருக்கு, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரருக்கு.

"சண்டை உங்களுக்கு விளையாட்டா?" எண்டு உம்மா கேட்டா. 2006 ஆகஸ்டில் கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தவ அவ. எனக்கு எதிர்ப்பக்கம் இருந்து விளையாடுற கூட்டாளியின்ட அம்மா சம்பூரிலிருந்து வாகரைப் பக்கம் ஓடினவ. 2006ஐ நாங்கள் ஒருநாளும் விளையாட மாட்டம். 1782இல் ரெண்டு கொடியும் எங்கட இல்லை. அதாலதான் ஒரு மேசையில இருந்து சண்டையைப் பற்றிக் கதைக்க முடியுது.

உம்மாவின் கேள்விக்குப் பிறகு ஒரு விதி சேர்த்தம். கொட்டியாரக் குடாவில பயத்தங்கொட்டைகள் வைப்பம். அது மீன்பிடி வள்ளங்கள். அதுக்குள்ளால சுடவும் ஏலாது, போகவும் ஏலாது. ஆட்டம் இப்ப மெதுவாத்தான் போகுது. கப்பலை நகர்த்த முதல் எல்லாரும் கரையைப் பார்க்கிறம்.